பிள்ளை தட்டில் இரும்பு எங்கே போச்சு?



இந்தத் தடவை நெல் விலையைப் பற்றியோ, கரும்பு நிலுவையைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. நம்ம வீட்டுத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ரெண்டு வயசுப் பிள்ளையைப் பற்றிப் பேசப் போகிறோம். "விவசாயிகள் சங்கத்துக்கு எதுக்குய்யா இந்த வேலை? இது நர்ஸம்மா பார்க்கிற வேலை ஆச்சே?" என்று சிலர் கேட்கலாம். கடைசி வரைக்கும் படியுங்கள். இது நம்ம காட்டு சமாச்சாரம்தான், நம்ம விலை சமாச்சாரம்தான் என்பது புரியும்.

பிள்ளையை உற்றுப் பாருங்கள்

ஓடி விளையாட வேண்டிய வயசு. ஆனா சில பிள்ளைகள் சுவரில் சாய்ந்தே கிடக்கும். எதற்கெடுத்தாலும் சிணுங்கும். பசியே எடுக்காது. சில பிள்ளை மண்ணை அள்ளித் தின்னும், சுவரைச் சுரண்டித் தின்னும், அரிசிப் பானையில் கைவிட்டுப் பச்சரிசியை மெல்லும். நாம் அதட்டி, அடித்துத் திருத்தப் பார்க்கிறோம். அடிக்காதீர்கள். கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையாக இருக்கலாம்.

ரத்தத்துக்குச் சிவப்பு கொடுப்பது இரும்புச்சத்து. மூச்சுக்காற்றை உடம்பெல்லாம் சுமந்து போகும் வேலைக்கு இரும்பு வேண்டும். பிள்ளையின் மூளை வேகமாக வளர்வது முதல் ரெண்டு வருஷத்தில். அந்த நேரத்தில் இரும்பு குறைந்தால் படிப்பும் ஞாபகமும் சுறுசுறுப்பும் பின்தங்கும். பின்னால் என்ன ஊட்டினாலும் அதை முழுசாக ஈடு கட்டுவது கஷ்டம். பயிருக்குத் தண்ணி கேட்கும் நேரத்தில் விடாமல், காய்ந்த பிறகு விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

எத்தனை பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள்? 2019-21-ல் மத்திய அரசே நடத்திய ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கு இது. தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2015-16 ஆய்வில் இது 50.7 சதவீதம். நாடு முழுக்க எடுத்தால் 58.6-லிருந்து 67.1-க்கு ஏறியது. குறையவில்லை, ஏறியது! குடல் புழுவாலும் வேறு சத்துக் குறைவாலும் ரத்தசோகை வருவதுண்டு. ஆனா பெரிய காரணம் சாப்பாட்டில் இரும்பு இல்லாததுதான்.

பழி தாய் மேலா?

கூட்டம் போட்டால் அதிகாரிகள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "தாய்மார்களுக்கு விழிப்புணர்வு இல்லை." ஊர் ஊராகப் போகும்போது நாமும் விசாரித்துப் பார்த்தோம். முருங்கைக்கீரை நல்லது என்று தெரியாத தாய் ஒருத்தியைக்கூட நாம் பார்க்கவில்லை. ஒரு தாய் நம்மையே திருப்பிக் கேட்டார்: "கீரை நல்லதுன்னு எனக்குத் தெரியாதாண்ணே? ஆஞ்சு, கழுவி, வேக வச்சு, மசிச்சு ஊட்ட நேரம் எங்க இருக்கு? ஏழு மணிக்குக் களைவெட்டுக்குப் போனா பொழுது சாஞ்சுதான வீடு வரேன்."

பதில் சொல்ல முடியவில்லை.

தாய் காட்டுக்குப் போய்விட்டால் பிள்ளை பாட்டியிடம். பாட்டிக்குக் கண்ணும் சரியில்லை, கையும் சரியில்லை. ரசம் சோறு பிசைந்து ரெண்டு வாய். அழுதால் அஞ்சு ரூபாய் பிஸ்கட். அப்புறம் டீயில் நனைத்து இன்னொரு பிஸ்கட். வயிறு ரொம்பிவிடும். இரும்பு மட்டும் உள்ளே போகாது. டீயில் இருக்கிற துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் ஒட்ட விடாமல் தடுத்துவிடும்.

இன்னொன்று. பிறக்கும் பிள்ளை தாய் வயிற்றிலிருந்து இரும்பைச் சேமித்து எடுத்து வருகிறது. அந்தக் கையிருப்பு சுமார் ஆறு மாசம் தாங்கும். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனா அதில் இரும்பு கொஞ்சம்தான். அதனால் ஆறு மாசம் முடிந்ததும் தாய்ப்பாலோடு கெட்டியான சாப்பாடும் தொடங்கியாக வேண்டும். பல வீட்டில் ஒரு வயசு வரை வெறும் பாலும் கஞ்சித் தண்ணியும்தான். "கறி சூடு, முட்டை மாந்தம், கீரை செமிக்காது" என்று பெரியவர்கள் தடுத்துவிடுகிறார்கள். அதோடு அதே ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தாய்க்கே கையிருப்பு இல்லை என்றால் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

ஆக, ஒரு பிள்ளை இரும்புள்ள சாப்பாடு சாப்பிடுமா சாப்பிடாதா என்பதைத் தாயின் புத்தி மட்டும் தீர்மானிப்பதில்லை. அவளுக்கு நேரம் இருக்கா, கையில் காசு இருக்கா, வீட்டில் அவள் சொல் எடுபடுமா, காட்டில் என்ன விளைகிறது, ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிறது. இதில் நாலு விஷயத்தை மறைத்துவிட்டுத் தாயை மட்டும் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

காட்டில் இருந்தது எங்கே?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், சேலம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நம்ம தாத்தா காலத்தில் கேழ்வரகு, கம்பு, சாமை, தினை, கொள்ளு, அவரை, துவரை எல்லாம் விளைந்தது. விளைந்ததைத்தான் தின்றோம். நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் இரும்பு சுமார் 0.6 மில்லிகிராம். அதே 100 கிராம் கேழ்வரகில் சுமார் 4.6. கம்பில் 6.4. கொள்ளில் 8-க்கும் மேல். 1 முதல் 3 வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது. பிள்ளை ஒரு நாளைக்கு நூறு கிராம் அரிசியே சாப்பிட்டாலும் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கணக்கு நேராகத்தானே இருக்கிறது?

தானியத்தில் இருக்கும் இரும்பு முழுசும் உடம்பில் ஒட்டாது என்பதும் உண்மைதான். ஆனா ஊறவைத்து முளைகட்டினால், மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தால், கூடுதலாக ஒட்டும். ராத்திரியே கம்பங்கூழைக் கரைத்துப் புளிக்க வைத்த நம்ம பாட்டிக்கு இந்த விவரம் தெரியாது. வேலை தெரிந்திருந்தது.

இன்றைக்கு அந்தக் காடுகளில் என்ன இருக்கிறது? மரவள்ளி இருக்கிறது, ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. மக்காச்சோளம் இருக்கிறது, கோழித் தீவனத்துக்குப் போகிறது. கோழி போடும் முட்டை லாரி லாரியாக வெளியூருக்குப் போகிறது. காட்டைக் கொடுத்த நம்ம பிள்ளைக்கு பிஸ்கட் மிஞ்சுகிறது!

கீரைக் கதையைக் கேளுங்கள். முன்னெல்லாம் களைவெட்டப் போகும் பெண்கள் திரும்பும்போது மடியில் கீரையோடு வருவார்கள். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை. அது யாரும் விதைக்காத கீரை, காசு கொடுக்காத கீரை. ராத்திரிக் குழம்பு அதில்தான். இப்போது களைக்கொல்லி அடிக்கிறோம். களையும் செத்தது, கீரையும் செத்தது. ஆள் கூலி கட்டுபடியாகாமல்தான் அடிக்கிறோம், ஆசைப்பட்டு இல்லை. ஆனா அந்தக் களைக்கொல்லி டப்பா நம்ம பிள்ளையின் குழம்புச் சட்டியையும் காலி பண்ணியது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் விட்டோம்?

"மறுபடியும் சிறுதானியம் போடுங்க" என்று மேடையில் சொல்வது சுலபம். 2023-ஐ உலக சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையே அறிவித்தது. மத்திய அரசு 'ஸ்ரீ அன்னா' என்று பேர் வைத்தது. பேர் வைத்தால் போதுமா? விலை வைக்க வேண்டாமா?

2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை கேழ்வரகு குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், கம்புக்கு 2,775 ரூபாய். காகிதத்தில் இருக்கிறது. கம்பை மூட்டை கட்டி எந்த கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்ப் போடுவது? நம்ம பக்கத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. சாமை, தினை, வரகு நிலைமை இன்னும் மோசம். மத்திய அரசு ஆதார விலை அறிவிக்கும் பயிர்ப் பட்டியலில் அவற்றின் பேரே கிடையாது!

அடுத்தது உமி. சாமையையும் வரகையும் உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் இடுப்பை ஒடிக்கிற வேலை. நெல்லுக்கு ஊருக்கு ஊர் மில் வந்தது. சாமைக்கு வரவில்லை. ரேஷன் அரிசியை அப்படியே உலையில் போடலாம் என்றால், சாமையைக் குத்த எந்தப் பெண் நிற்பாள்? கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மகளிர் குழுக்களிடம் சிறுதானிய அரவை இயந்திரம் கொடுத்துச் செய்து காட்டியது. ஒரு மலையில் முடிந்தது மற்ற ஊரில் ஏன் முடியாது?

ரேஷன் கடையும் பால்வாடியும்

தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். அது நம்ம வயிற்றைக் காப்பாற்றியது. அதில் கைவைக்க யார் வந்தாலும் முதலில் எதிர்ப்பது நம்ம சங்கமாகத்தான் இருக்கும். ஆனா அரிசி மட்டும் போட்டால் வீட்டில் அரிசி மட்டும்தான் வேகும். 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் எழுதப்பட்டிருக்கிறது. 2023-ல் தமிழக அரசு தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் விவசாயிகளிடமே நேரடியாகக் கேழ்வரகு கொள்முதலும் செய்தது. இது நல்ல காரியம், வரவேற்கிறோம். அரசு வாங்கினால் நாம் விதைப்போம். நாம் விதைத்தால் பிள்ளை தின்னும். இதைத்தான் கம்புக்கும் சாமைக்கும் கேட்கிறோம்.

பால்வாடிக்கு வருவோம். சத்துமாவுப் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கோதுமைக்கும் வெல்லத்துக்கும் எவ்வளவு பங்கு, கேழ்வரகுக்கு எவ்வளவு பங்கு என்று பாருங்கள். நம்ம ஊரில் விளையாத கோதுமையை எங்கிருந்தோ கொண்டுவந்து, எங்கேயோ அரைத்து, நம்ம ஊர்ப் பிள்ளைக்குக் கொடுப்பானேன்? பால்வாடி உணவு சப்ளையில் காண்ட்ராக்டர் கூடாது, கிராம மக்களையும் மகளிர் குழுக்களையும் கொண்டு செய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2004 அக்டோபரிலேயே உத்தரவு போட்டது. ஊர்க் கேழ்வரகை ஊர்ப் பெண்கள் முளைகட்டி, வறுத்து, அரைத்துக் கொடுத்தால் விவசாயிக்கு விலை, பெண்களுக்கு வேலை, பிள்ளைக்கு ரத்தம். மூணு காரியம் ஒரே அடுப்பில் வேகும்.

2021 ஆகஸ்ட் 15 அன்று செறிவூட்டிய அரிசித் திட்டத்தைப் பிரதமர் அறிவித்தார். ஆலையில் இரும்பு கலந்து செய்த அரிசிமணியை ரேஷன் அரிசியோடு கலந்து கொடுத்தார்கள். "பிளாஸ்டிக் அரிசி" என்று வதந்தி கிளம்பி, பல வீட்டில் அதைப் பொறுக்கி வீசினோம். அது பிளாஸ்டிக் இல்லை. வதந்தியை நம்ம சங்கம் பரப்பாது. ஆனா கேள்வி கேட்போம். ஆலையில் இரும்பைக் கலக்கப் பணம் இருந்தது, இரும்பு தானாகவே உள்ள தானியத்தை விளைவிக்கிற விவசாயிக்கு விலை கொடுக்க மட்டும் பணம் இல்லையா?

நம்ம பக்கமும் தப்பு உண்டு

அரசாங்கத்தைக் கேட்கிற வாய் நம்மையும் கேட்க வேண்டும். வீட்டில் நாலு நாட்டுக்கோழி நிற்கிறது. முட்டையைப் பொறுக்கிச் சந்தையில் விற்கிறோம். அந்தக் காசில் திரும்பி வரும்போது பிஸ்கட் வாங்குகிறோம்! எள்ளையும் நிலக்கடலையையும் கடைசி மணி வரை விற்றுவிட்டு, பிள்ளைக்கு ஒரு பிடி வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஈரலும் நல்ல துண்டும் ஆம்பளை தட்டுக்குப் போகிறது. குழம்புத் தண்ணி பிள்ளைக்கு. பொம்பளைப் பிள்ளை என்றால் அதுவும் கடைசியாக. டாஸ்மாக் கடையில் ஒரு ராத்திரி போகிற காசில் ஒரு மாசத்துக்குப் பிள்ளைக்கு முட்டை வாங்கலாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பிள்ளை நம்மது.

விலை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே செய்ய முடிந்தவை இவை:

ஆறு மாசம் முடிந்ததும் முளைகட்டிய கேழ்வரகு, பச்சைப்பயறு அரைத்த மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி ஊட்டுங்கள். முருங்கைக்கீரையைப் பருப்போடு வேக வைத்து நன்றாக மசித்துக் கொடுங்கள்.

கறி தின்னும் வீடாக இருந்தால் ஆட்டு ஈரல், சுவரொட்டி இவற்றில் ஒரு சின்னத் துண்டை நன்றாக வேக வைத்து மசித்து முதலில் பிள்ளைக்கு வையுங்கள். கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்புதான் உடம்பில் சுலபமாக ஒட்டும்.

கீரை, தானியத்தோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி ஏதாவது ஒன்று சேருங்கள். புளிப்புக் காய்கனியில் உள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஒட்ட வைக்கும். சின்னப் பிள்ளைக்கு டீ, காபி வேண்டவே வேண்டாம்.

நர்ஸம்மா கொடுக்கும் இரும்பு டானிக்கை வாரம் ரெண்டு தடவை, அவர் சொல்லும் அளவில் விடாமல் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்தாதீர்கள். டானிக் குடித்தால் அப்படித்தான் போகும். பிப்ரவரியில் குடல் புழு மாத்திரை கொடுக்கும் நாளில் ஒரு வயசுக்கு மேற்பட்ட பிள்ளை எதுவும் விடுபடக் கூடாது. காட்டிலும் கொல்லையிலும் பிள்ளைகளை வெறுங்காலோடு விடாதீர்கள். கொக்கிப்புழு பாதம் வழியாகத்தான் ஏறும்.

காட்டு ஓரத்தில் பத்து அடி அகலம் களைக்கொல்லி அடிக்காமல் விடுங்கள். கீரை தானாக வரும். வரப்பில் ரெண்டு முருங்கைக் குச்சி நடுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. மானாவாரி மாவட்டங்கள் அனைத்திலும் கேழ்வரகு, கம்பு, சாமை, தினை, வரகு ஆகியவற்றை அரசே நேரடியாகக் கொள்முதல் செய்ய வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல் சொன்னபடி சாகுபடிச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை வேண்டும்.

2. விரும்பும் குடும்பங்களுக்கு ரேஷனில் சிறுதானியம் வேண்டும். அதைச் சாக்காக வைத்து அரிசியை வெட்டும் வேலை கூடாது.

3. பால்வாடி சத்துமாவை அந்தந்த வட்டாரத் தானியத்தில், அந்தந்த ஊர் மகளிர் குழுக்களே தயாரிக்க வேண்டும்.

4. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒன்றாவது சிறுதானிய உமி நீக்கும் இயந்திரம் மகளிர் குழுக்களிடம் கொடுக்க வேண்டும்.

5. பால்வாடிகளில் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். காட்டு வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்காகக் காலை முதல் மாலை வரை திறந்திருக்க வேண்டும்.

6. இரும்பு டானிக்கும் புழு மாத்திரையும் துணை சுகாதார நிலையங்களில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆணும் பெண்ணும் வாருங்கள். பால்வாடிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ரத்தம் பார்த்தார்கள், எத்தனை பேருக்குக் குறைவு என்று கேளுங்கள். பதிலைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஆறு கோரிக்கையையும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவோம். இடுப்பில் பிள்ளையோடு, கையில் ஒரு படி கம்போடு உட்காருவோம்!

ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவன் பிள்ளை ரத்தமில்லாமல் சுருண்டு கிடக்கலாமா?

விளைவிப்போம்! விலை கேட்போம்! விளைந்ததை முதலில் நம்ம பிள்ளைக்கு ஊட்டுவோம்!

தோழமையுடன்,
விவசாயிகள் சங்கம்